காவலுக்கு வைத்த பிள்ளையார்

1

போன வாரம் எங்கள் தபால் பெட்டியில் ஒரு கும்பாபிஷேகப் பத்திரிகை கிடந்தது. நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, மேலே பிள்ளையார் படம் போட்டு, ஒரு பக்கம் கன்னடத்திலும் மறு பக்கம் தமிழிலும் அச்சடித்திருந்தார்கள். லிஃப்டுக்குப் பக்கத்தில் நின்றபடியே கன்னத்தில் போட்டுக்கொண்டேன். பெங்களூரிலிருந்து, அதுவும் பொம்மனஹள்ளியிலிருந்து வந்த பத்திரிகை. வீட்டுக்குள் போய்ச் செருப்பைக் கழற்றி, கை கால் கழுவிவிட்டுத்தான் படித்தேன்.

கடைசிப் பக்கத்துக்கு வந்ததும் வாய் கசந்துவிட்டது. ‘பூமி தானம்: பக்த சிரோன்மணி திரு. முனிரத்தினம், சிங்கப்பூர்’ என்று கொட்டை எழுத்தில் என் பெயர் இருந்தது.

நான் யாருக்கும் பூமி தானம் செய்யவில்லை.

பத்திரிகைக்குள் ஒரு முத்திரைத்தாளை மடித்து வைத்திருந்தார்கள். ‘பூரண பக்தியினாலும் சொந்த விருப்பத்தினாலும், பொம்மனஹள்ளியில் எனக்குள்ள முப்பதுக்கு நாற்பது அடி சைட்டை விநாயகர் கோயில் கமிட்டிக்கு அர்ப்பணிக்கிறேன்’ என்று டைப் அடித்து, நான் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் பெருக்கல் குறியும் போட்டிருந்தார்கள். ரொம்ப அக்கறை.

என் மகள் கவிதாவுக்குப் பதினைந்து வயது. தாளை வாங்கித் தமிழ்ப் பக்கத்தை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, “அப்பா, நம்ம லேண்டுன்னா ரெஜிஸ்டர்ல நம்ம பேர் இருக்கும்ல? அதக் காட்டினா முடிஞ்சிடும்தானே?” என்றாள்.

அவள் இந்த ஊரில் வளர்ந்தவள். இங்கே ஒரு நிலம் யாருடையது என்று கேட்டால் ஒரு பெயர்தான் வரும். பெங்களூரில் ஜோகுபாளையத்திலும் ஜீவனஹள்ளியிலும் உட்கார்ந்து இதைப் படிக்கப்போகும் உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அவளுக்கு மட்டும் எப்படிச் சொல்வது என்று தெரியாமல், “சாப்பிட்டு வந்து பேசலாம்மா” என்றேன். சாப்பிட்டும் சொல்லவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

2

நான் ஜோகுபாளையத்தில் பிறந்தவன். எஸ்.எஸ்.எல்.சி.யில் ஒரு தடவை தவறி, மறு தடவை தேறி, ஐ.டி.ஐ.யில் டர்னர் படித்தேன். ஊரில் தாராளமயம் என்று பேப்பர்க்காரர்கள் எழுத ஆரம்பித்த சமயத்தில் சிங்கப்பூருக்கு வந்தேன். ஸ்விட்ச்சுக்கு வேண்டிய பிளாஸ்டிக் சாமான் வார்க்கிற சின்ன ஃபேக்டரி. முதலாளி சீனர். இங்கே சீன முதலாளியைத் தவுக்கே என்று கூப்பிடுவது வழக்கம். நாங்களும் அப்படித்தான்.

தவுக்கே படிப்பில் என்னைவிடக் கொஞ்சம் குறைச்சல். சாமி விஷயத்தில் எனக்குச் சமம். ஃபேக்டரி வாசலில் தரையோடு தரையாக ஒரு சிவப்பு மாடம் உண்டு. அது அவர்களுடைய நிலத்துச் சாமி. தினமும் காலையில் மூன்று ஊதுவத்தி ஏற்றி, ஆரஞ்சுப் பழம் வைத்துக் கும்பிட்ட பிறகுதான் மெயின் ஸ்விட்ச்சைப் போடுவார். நானும் வீட்டில் விளக்கேற்றாமல் வேலைக்குக் கிளம்பாதவன். அதனாலேயே எங்களுக்குள் ஒரு ஒட்டுதல் இருந்தது.

மாடத்துக்கு மேலே சுவரில் கண்ணாடி போட்டு ஒரு தாளை மாட்டியிருந்தார். ஃபேக்டரி இருந்த நிலம் அவருக்குச் சொந்தமில்லை, அரசாங்கத்தின் குத்தகை. எந்தத் தேதி வரைக்கும் என்று அந்தத் தாளில் போட்டிருந்தது. “அந்தத் தேதிக்கு ஒரு நாள் முன்னாடிகூட என்னை இங்கிருந்து யாரும் எழுப்ப முடியாது முனி. அதை நம்பித்தான் இவ்வளவு மெஷின் இறக்கினேன்” என்பார். அவர் பேசுவது உடைந்த இங்கிலீஷ், நான் பேசுவது அதைவிட உடைந்தது. நீங்கள் படிப்பதற்காகத் தமிழில் எழுதுகிறேன்.

வந்து நாலைந்து வருஷம் ஆன பிறகு, ஒரு நாள் டீ நேரத்தில் அவர் கேட்டார்.

“முனி, உங்க ஊர்ல ஒரு ஃபேக்டரி ஷெட் போடலாம்னு நினைக்கிறேன். போட்டா, நீ போய்ப் பார்த்துக்குவியா?”

அன்று வேலை முடிந்து நேராகக் கோயிலுக்குப் போய்ச் சிதறுகாய் உடைத்தேன். கவிதாவுக்கு அப்போது ஆறு வயது. “நான் சாப்டாச்சு லா” என்று சிங்கப்பூர்க்காரர்கள் மாதிரி எல்லாவற்றுக்கும் ஒரு ‘லா’ போட்டுப் பேச ஆரம்பித்திருந்தாள். ஊருக்குப் போன் போட்டால், அவள் வயசுப் பிள்ளைகள் ரிசீவரைக் கைமாற்றிக் கைமாற்றிச் சிரித்தன. அவளுக்கு அது புரிந்து, பிறகு போனுக்கே வரமாட்டேன் என்றாள். என் மனைவி சரோஜா அன்று சொன்னாள்: “இன்னும் ரெண்டு வருஷம் இங்க இருந்தா பொண்ணு நம்மளுது இல்ல. எப்படியாவது அந்த ஷெட்டு வரணும்.”

ஷெட் வந்தால் நாங்கள் ஊருக்குத் திரும்பலாம். வராவிட்டால் இல்லை.

3

நடுவில் என் சைட்டை, அதாவது என் வீட்டு மனையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

சிங்கப்பூர் வந்து முதலில் சேர்த்த காசில் பொம்மனஹள்ளியில் முப்பதுக்கு நாற்பது வாங்கினேன். ரெவின்யூ சைட். அதாவது விவசாய நிலத்தையே கல் நட்டுத் துண்டு போட்டு, சரியான பத்திரம் இல்லாமல் வெறும் ஒப்பந்தத் தாளில் விற்பது. ஓசூர் ரோட்டில் வேலை பார்த்த நம்ம ஆட்கள் பாதிப் பேர் அப்படித்தான் வாங்கினார்கள். வீட்டு வரிக் கணக்குப் புத்தகத்தில், அங்கே கத்தா என்பார்கள், என் பெயரை ஏற்றுங்கள் என்று ஆபீஸுக்கு எத்தனையோ முறை நடந்தேன். ஒவ்வொரு லீவிலும் அடுத்த லீவுக்கு வரச் சொன்னார்கள்.

ஒரு லீவில் போனபோது, பக்கத்து சைட்டில் எவனோ ஷெட் போட்டுக் குடியிருந்தான். அந்த சைட்டுக்காரர் துபாயில் இருந்தார். அவர் நட்ட கல்லையே பிடுங்கி, ஷெட்டுக்கு வாசற்படியாகப் போட்டிருந்தான். அதைப் பார்த்ததும் என் சைட்டின் நாலு கல்லையும் எண்ணிப் பார்த்தேன். சரோஜாவின் தம்பி ஆறுமுகம் கூட இருந்தான். ஓசூர் ரோட்டு கார்மெண்ட்ஸ் ஒன்றில் தையல் மெஷின் மெக்கானிக்.

“மாமா, காம்பவுண்டு போட்டா இடிச்சிடுவான். போர்டு வச்சா போர்டையே தூக்கினு பூடுவான். சாமிய வச்சா எவன் கை வைப்பான் சொல்லு?”

“பாவம்டா அது.”

“இன்னா பாவம்? சும்மா காவலுக்கு. வீடு கட்றப்போ ஓரமா தள்ளி வச்சிக்கலாம். ஐயரைக் கூப்ட்டு மந்திரம் மட்டும் சொல்ல வச்சிடாத. சொல்லிட்டாருன்னு வச்சுக்கோ, அப்புறம் நகத்தவே முடியாது.”

பழைய மெட்ராஸ் ரோட்டோரத்தில் ஒரு சிற்பியிடம் போனோம். பத்துப் பதினைந்து பிள்ளையார்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள், எல்லாம் ஒரே அச்சு. தொப்பையில் பாம்பு சுற்றி முன்னால் முடிச்சுப் போட்டிருந்தது. அந்த முடிச்சு அந்தச் சிற்பியின் கைவேலை, வேறெங்கும் நான் பார்த்ததில்லை. “பிரதிஷ்டை எப்போ?” என்று கேட்டார். “அடுத்த மாசம்” என்று பொய் சொன்னேன். நாங்களே சிமெண்ட் குழைத்து வைத்தோம். தகரக் கூரை போட்டோம். ‘கோயில் இடம்’ என்று ஒரு போர்டும் எழுதி மாட்டினோம்.

மறுநாள் சரோஜாவைக் கூட்டிப்போனேன். அவளுக்கு விஷயம் தெரியாது. கற்பூரம் ஏற்றி, கண்ணில் நீர் வரக் கும்பிட்டாள். நான் பின்னால் நின்றேன். கும்பிடவா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை. உள்ளே சாமி வந்துவிடக் கூடாதே என்று பார்த்துப் பார்த்து வைத்த கல் அது. எந்தக் கோயில் வாசலைக் கடந்தாலும் நின்று கன்னத்தில் போட்டுக்கொள்கிற நான் செய்த வேலை இது.

4

தவுக்கேயோடு பெங்களூர் வந்து இறங்கினேன். அரசாங்கத் தொழிற்பேட்டையில் இடம் வேண்டுமென்றால் வரிசையில் நிற்க வேண்டும் என்றார்கள். தனியார் நிலம் பார்த்தோம். பொம்மனஹள்ளியைத் தாண்டி ஓசூர் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இரண்டு ஏக்கர். முப்பது வருஷக் குத்தகை. புரோக்கர் ராஜு முதல் நாளே, “கிளியர் சார், ஃபஸ்ட் கிளாஸ் கிளியர்” என்று பத்திரத்தை நீட்டினான். முத்திரையும் கையெழுத்தும் எல்லாம் சரியாக இருந்தது.

ஒரு வாரம் கழித்து இன்னொருவர் இன்னொரு பத்திரத்தோடு வந்தார். நிலத்துக்காரரின் பெரியப்பா மகன் அதே நிலத்தை இந்த ஆளுக்கு விற்றிருந்தான். அதே ஆபீஸ் முத்திரை. அதுவும் சரியாகத்தான் இருந்தது.

பதிவு ஆபீஸில் போய்க் கேட்டேன். “ஒரே நிலத்தை ரெண்டு பேருக்கு எப்படிப் பதிஞ்சீங்க?”

அந்தக் குமாஸ்தா வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு கன்னடத்தில் சொன்னார்: “கொண்டு வந்த பேப்பரைப் பதியறதுதான் நம்ம வேலை. விக்கிறவன் நிஜமான சொந்தக்காரனான்னு பார்க்கறது நம்ம வேலை இல்ல.”

“அப்போ அது யார் வேலை?”

“கோர்ட்டு.”

நான் மொழிபெயர்த்ததும் தவுக்கே, நான் தப்பாகச் சொல்கிறேன் என்று நினைத்து, மறுபடியும் கேட்கச் சொன்னார். மறுபடியும் கேட்டேன். அதே பதில். தாலுக்கா ஆபீஸில் நிலத்தின் பயிர்க் கணக்கைப் பார்த்தால், அதில் மூன்றாவதாக ஒரு பெயர், பென்சிலில் எழுதியிருந்தது. ஏன் பென்சில் என்று தவுக்கே விரலால் காட்டிக் கேட்டார். அங்கிருந்தவர் சிரித்துக்கொண்டே, “பேனான்னா அழிக்கறது கஷ்டம் சார்” என்றார். அதை நான் மொழிபெயர்க்கவில்லை. வெட்கமாக இருந்தது.

வக்கீலிடம் போனோம். “கேஸ் போட்டா ஜெயிக்கலாம்” என்றார்.

“எத்தனை வருஷம் ஆகும் சார்?”

“உங்க பொண்ணுக்கு எத்தனை வயசு?”

“ஆறு.”

“அவ கல்யாணத்துக்குள்ள ஒரு தீர்ப்பு வரும். அப்பீல் தனி” என்று சொல்லி, ஜோக் சொன்ன மாதிரி சிரித்தார்.

நம்ம மந்திரிகள் அந்தக் காலத்தில் சிங்கப்பூருக்கு அடிக்கடி வருவார்கள். பெரிய ஓட்டலில் மீட்டிங் போட்டு, முதலீடு செய்யுங்கள், ரோடு தருகிறோம், கரண்ட் தருகிறோம் என்பார்கள். தவுக்கேயும் டை கட்டிக்கொண்டு ஒரு மீட்டிங்குக்குப் போய், அந்தப் பேச்சைக் கேட்டுவிட்டுத்தான் ஆசைப்பட்டார். நிலம் யாருடையது என்று சொல்லத் தெரியாத ஊரில் ரோடு போட்டு என்ன செய்ய? யார் நிலத்துக்குப் போகிற ரோடு அது? அருவருப்பாக இருக்கிறது, இப்போது நினைத்தாலும்.

ஆனாலும் மனுஷன் அசரவில்லை. பத்திரம் வைத்திருந்த இரண்டு பேரையும் ஒரே மேஜையில் உட்கார வைத்துப் பேசினார். பென்சில் பெயர்க்காரரையும் கூப்பிட்டார். மூன்று பேரும் சம்மதித்து ஒன்றாகக் கையெழுத்துப் போடுவதாக முடிவானது. நான் சரோஜாவுக்குப் போன் போட்டு, கவிதாவுக்கு ஸ்கூல் பார்க்கலாம் என்றேன்.

5

கையெழுத்துக்கு முந்தின நாள் தவுக்கே நிலத்தை இன்னொரு தரம் பார்க்க வேண்டும் என்றார். காரில் அவர், நான், புரோக்கர் ராஜு, முன் ஸீட்டில் ஆறுமுகம்.

பத்து நாள் முன்னால் பார்த்தபோது அறுத்த கேழ்வரகுத் தாள் மட்டும் நின்றிருந்த இடத்தின் நடுவில், தகரக் கூரைக்குக் கீழே ஒரு பிள்ளையார் உட்கார்ந்திருந்தார். கன்னடத்தில் ‘புராதன விநாயகர் கோயில்’ என்று போர்டு. நெற்றி நிறையக் குங்குமம் வைத்த ஒருவன் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தான்.

தவுக்கே காரை விட்டு இறங்கினார். முதலில் ஷூவைக் கழற்றினார். வெயிலில் சுட்ட மண்ணில் சாக்ஸோடு நடந்து போய்க் கை கூப்பி நின்றார். பிறகு குத்துக்காலிட்டு உட்கார்ந்து பீடத்தைத் தொட்டார். விரலில் சாம்பல் நிறத்தில் ஈரச் சிமெண்ட் ஒட்டிக்கொண்டது.

“போர்டுல என்ன எழுதியிருக்கு முனி?”

“ரொம்பப் பழைய கோயில்னு.”

ராஜு குறுக்கே வந்தான். “சார், சாமி ஹளேது, ரொம்பப் பழசு. சிமெண்ட் மட்டும் புதுசு.”

குங்குமக்காரன் பேப்பரை மடித்தான். “ஊர்க் கமிட்டி சார். சாமிக்கு வேற இடம் பார்க்கறதா இருந்தா உக்காந்து பேசலாம். தப்பா நினைக்காதீங்க.”

நான் சிலையைப் பார்த்தேன். தொப்பையில் பாம்பு, முன்னால் முடிச்சு. அதே ரோட்டோரத்துச் சிற்பி. 

காரில் ஏறியதும் தவுக்கே கேட்டார். “உங்க மதத்துல இப்படிச் செய்யலாமா?”

“கூடாது தவுக்கே. பெரிய பாவம்.”

“அப்போ இதைச் செஞ்சவன் உங்க மதம் இல்லையா?”

“அவனெல்லாம் சாமி கும்பிடறவனே இல்லை. திருடன்” என்றேன். கோபமாகத்தான் சொன்னேன். ஆறுமுகம் முன்னால் திரும்பி ஜன்னலைப் பார்த்துக்கொண்டான்.

கொஞ்ச தூரம் போனதும் தவுக்கே, “உன் நிலம் இந்தப் பக்கம்தானே? காட்டு. நீ எப்படிக் காப்பாத்தி வச்சிருக்கேன்னு பார்ப்போம்” என்றார்.

நேரமாகிவிட்டது என்றேன், ரோடு சரியில்லை என்றேன். ஆறுமுகத்துக்குப் பெருமை. “இங்கதான் சார், டூ மினிட்ஸ்!” என்று டிரைவருக்கு வழி காட்டினான்.

6

என் சைட்டில் பிள்ளையார் நான் விட்டுப்போனதைவிடச் செழிப்பாக இருந்தார். யாரோ எண்ணெய்க் காப்புப் போட்டு அருகம்புல் சாத்தியிருந்தார்கள். கார்மெண்ட்ஸ் வேலைக்குப் போகிற ஒரு பெண் டிபன் பையோடு நின்று மூன்று சுற்றுச் சுற்றிவிட்டுப் போனாள்.

தவுக்கே போர்டைப் பார்த்தார். தகரத்தைப் பார்த்தார். பாம்பின் முடிச்சைக் கொஞ்ச நேரம் பார்த்தார். இந்தத் தடவை ஷூவைக் கழற்றவில்லை.

“யார் வச்சது?”

நான் வாயைத் திறப்பதற்குள் ஆறுமுகம் சிரித்துக்கொண்டே, “மாமாதான் சார்! செக்யூரிட்டி! சம்பளம் கிடையாது!” என்றான்.

நான் தலையைக் குனிந்தேன். தவுக்கே திரும்பி நடந்தார். காரில் போய் உட்கார்ந்துகொண்டார்.

ஓட்டலில் இறங்கும்போது சொன்னார். “ரெண்டு பத்திரம் இருந்துச்சு, ரெண்டு பேர்கிட்டயும் பேசினேன். இன்னிக்கு வந்த கமிட்டிகிட்டயும் பேசுவேன். திருடன் எல்லா ஊர்லயும் உண்டு முனி. ஆனா உன்னை மாதிரி ஒருத்தனே சாமியக் காவல்காரனா நிறுத்தித்தான் நிலத்தை வச்சுக்க முடியும்னா, நான் எதை நம்பி மெஷினை இறக்கறது?”

மறுநாள் யாரும் கையெழுத்துப் போடவில்லை. ராஜு ஓட்டல் வாசலில் ஒரு மணி நேரம் கத்தினான். அடுத்த வருஷம் தவுக்கே பக்கத்து மலேசியாவில், ஜோகூரில் ஷெட் போட்டார். அதைப் பார்த்துக்கொள்ள அந்த ஊர்க்காரர் ஒருவர் போனார். என்னைத் தவுக்கே வேலையை விட்டு அனுப்பவில்லை, ஒரு வார்த்தை குறைத்தும் பேசியதில்லை. பெங்களூர் என்ற பேரை மட்டும் அதற்குப் பிறகு எடுக்கவே இல்லை. காலையில் அவர் நிலத்துச் சாமிக்கு ஊதுவத்தி ஏற்றும்போது நான் வேறு வழியாகச் சுற்றிப்போவேன்.

ஒன்பது வருஷம் ஓடிவிட்டது. கவிதா இப்போது வீட்டில்கூட இங்கிலீஷ்தான். தமிழ் அவளுக்குப் பரீட்சைப் பாடம். நாங்கள் இங்கேயே நிரந்தரவாசத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டோம். சரோஜாவிடம் நடந்ததை அந்த வருஷமே சொன்னேன். இரண்டு நாள் அவள் என்னோடு பேசவில்லை. ஷெட் போனதற்காக இல்லை. “நான் கும்பிட்டப்போ நீங்க பின்னாடி நின்னு பாத்துக்கிட்டு இருந்தீங்களே” என்றாள்.

7

பத்திரிகை வந்த மறுநாள் ஆறுமுகத்துக்குப் போன் போட்டேன். அவன்தான் கோயில் கமிட்டிக்குச் செக்ரட்டரி என்பது அப்போதுதான் தெரிந்தது.

“மாமா, பேப்பர் வந்துச்சா? கையெழுத்துப் போட்டு சீக்கிரம் அனுப்பு. கல்வெட்டுல ஃபஸ்ட்டு பேரே உன்னுதுதான்.”

“என் சைட்டுடா அது.”

“இன்னா மாமா சைட்டு? கத்தா உன் பேர்ல இல்ல. கையில இருக்கறது வெறும் அக்ரிமெண்ட்டு. சாமி இருந்ததாலதான் இத்தினி வருஷம் எவனும் தொடல. ஒத்துக்கிறியா? இப்போ சாமியே எடுத்துக்கிச்சி. ஊரே கும்புடுது. கோச்சிக்காத.”

“பிரதிஷ்டையே பண்ணலையேடா!”

“அதான் இப்போ பண்றோமே.”

போனை வைத்துவிட்டேன். யாரைத் திட்டுவது? பென்சிலால் எழுதினவனையா, இரண்டு பத்திரத்துக்கும் ஒரே முத்திரை குத்தினவனையா, குங்குமம் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தவனையா? அவனுக்கும் எனக்கும் ஒரே சிற்பிதான். அவனாவது வேறொருவன் நிலத்தில் வைத்தான். என் நிலத்துக் கல்லுக்குள் எந்தப் பிள்ளையாரும் வந்துவிடாமல் நான் பார்த்துக்கொண்டேன். போகிற வருகிற கார்மெண்ட்ஸ் பெண்கள் தினம் கும்பிட்டுக் கும்பிட்டு அவரை உள்ளே கொண்டுவந்துவிட்டார்கள்.

நேற்று சாமி படத்துக்கு விளக்கேற்றிவிட்டு முத்திரைத்தாளை எடுத்து மேஜையில் வைத்தேன். ‘பூரண பக்தியினாலும் சொந்த விருப்பத்தினாலும்’ என்ற வரியின் மேல் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு அடித்தேன். கவிதா பக்கத்தில் வந்து நின்றாள்.

“ஏன்ப்பா அதைக் கேன்சல் பண்றீங்க?”

“அது பொய்ம்மா.”

கீழே இருந்த காலி இடத்தில் என் கையாலேயே எழுதினேன்: ‘இந்தப் பிள்ளையாரை நான் பக்தியால் வைக்கவில்லை. திருடனுக்குப் பயந்து வைத்தேன். பிறகு நகர்த்திவிடலாம் என்று மந்திரம் சொல்லாமல் வைத்தேன். நிலம் இனி அவருடையது. கும்பாபிஷேகத்தன்று முதல் குடம் தண்ணீர் ஊற்றுவதற்கு முன் ஐயர் இதைச் சாமியிடம் சத்தமாகப் படிக்க வேண்டும்.’ பெருக்கல் குறி போட்ட இடத்தில் கையெழுத்துப் போட்டேன். பேனாவில்.

கவிதா ஒவ்வொரு வரியாக, அவசரமில்லாமல், தமிழிலேயே படித்து முடித்தாள். ‘திருடனுக்கு’ என்ற இடத்தில் ஒரு தரம் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

“இப்படி எழுதினா கமிட்டி ஏத்துக்குவாங்களா?”

“மாட்டாங்க” என்றேன். “நான் கமிட்டிக்கு எழுதலைம்மா.”